நவ்ஷேராவின் சிங்கம்: பிரிகேடியர் முஹம்மது உஸ்மான்

டெல்லி ஓக்லாவில், ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா பல்கலைக்கழகத்தையொட்டி ஓர் அடக்கத்தலம் உள்ளது. கல்வியாளர்களும் எழுத்தாளர்களும் அடங்கியிருக்கும் அந்த மண்ணில் ஓர் இராணுவத் தளபதியின் கப்ரும் இருக்கிறது. 2020 டிசம்பரில் அந்தக் கப்ர் சிதைந்து கிடக்கும் படங்கள் ஊடகங்களில் வெளியாயின. பலரும் அவருடைய பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டனர். பின்னர் இராணுவம் அதைச் சீரமைத்தது.

அங்கே அடங்கியிருப்பவர் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான். 1947-48ஆம் ஆண்டுகளில் காஷ்மீரில் நடந்த போரில் உயிர்நீத்த இந்திய அதிகாரிகளுள் மிக உயர்ந்த பதவியில் இருந்தவர். மகாவீர் சக்கர விருது பெற்றவர். போர்க்களத்தில் அவர் வீழ்ந்தபோது 36 வயது நிறைவடைய 12 நாள்கள் இருந்தன.

ஆகஸ்ட் 15 நெருங்கும்போது அவருடைய படம் நம் கைப்பேசிகளில் வலம் வருகிறது. மறுநாள் மறைந்தும் விடுகிறது. அவருடைய வாழ்க்கையை முழுமையாக அறிந்தவர் நம்மில் குறைவு. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாழ்க்கை அது. அதை என்ன நோக்கத்துடன் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே இக்கட்டுரை பேச விழைகிறது.

பிறப்பும் இளமையும்

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மவூ மாவட்டத்தில் உள்ள பீபிப்பூர் என்னும் சிற்றூர் அன்று ஆஸம்கர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அங்கே 1912 ஜூலை 15 அன்று உஸ்மான் பிறந்தார். தந்தை காஜி முஹம்மது ஃபாரூக் காவல் துறை அதிகாரி. பனாரஸ் நகரின் கொத்தவாலாகப் பணியாற்றியவர். பள்ளிப் படிப்பு அந்நகரிலேயே நிகழ்ந்தது.

சிறுவயதில் உஸ்மானுக்குத் திக்குவாய் இருந்தது. ஆயினும் துணிவுக்குக் குறைவில்லை. பன்னிரண்டு வயதில், கிணற்றில் விழுந்த ஒரு குழந்தையைக் காப்பாற்ற அவரே கிணற்றுக்குள் குதித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். பின்னாளில் அவருடைய வாழ்வு சென்ற திசையை நோக்கினால், இந்நிகழ்ச்சி வியப்பளிப்பதாக இல்லை.

சாண்ட்ஹர்ஸ்ட் முதல் பர்மா வரை

அக்காலத்தில் இந்தியர் ஒருவர் இராணுவ அதிகாரியாவது எளிதன்று. இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் ஆண்டுதோறும் விரல்விட்டு எண்ணத்தக்க இந்தியர்களுக்கே இடம் கிடைத்தது. 1932இல் அங்கே இடம்பெற்ற பத்து இந்தியர்களுள் உஸ்மானும் ஒருவர். அதே ஆண்டில் டேராடூனில் இந்திய இராணுவக் கல்லூரி தொடங்கப்பட்டதால், சாண்ட்ஹர்ஸ்டில் பயின்ற இந்தியர்களின் கடைசி அணியாக அவர்கள் அமைந்தனர்.

1934 பிப்ரவரி 1 அன்று உஸ்மான் அதிகாரியாக நியமனம் பெற்றார். அன்றைய வழக்கப்படி ஓராண்டு காலம் ஆங்கிலேயப் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றிய பின், 1935இல் பத்தாவது பலூச் ரெஜிமெண்டின் ஐந்தாவது பட்டாலியனில் சேர்ந்தார். அவ்வாண்டே வடமேற்கு எல்லைப்புறத்தில் மொஹ்மந்த் படையெடுப்பில் பங்கேற்றார். 1936இல் லெப்டினண்ட், 1941இல் கேப்டன் எனப் பதவிகள் உயர்ந்தன. 1942இல் குவெட்டாவில் இருந்த பணியாளர் கல்லூரியில் உயர் பயிற்சி பெற்றார். இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் ஜப்பானியருக்கு எதிராகப் போரிட்டார். 1945இல் வெளியான அரசிதழில் அவருடைய பெயர் பாராட்டிக் குறிப்பிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் பலூச் ரெஜிமெண்டின் 14ஆவது பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 32.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவருடைய உலகம் பலூச் ரெஜிமெண்டே. தோழர்கள், உணவு, விளையாட்டு, போர் ஆகிய அனைத்தும் அந்தப் பெயரோடு பிணைந்தவை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், அடுத்து வந்த சோதனையின் கனம் விளங்கும்.

1947: தேர்ந்தெடுக்க வேண்டிய நாள்

நாடு பிரிக்கப்பட்டபோது படையும் பிரிக்கப்பட்டது. துப்பாக்கிகள், வாகனங்கள் முதல் இசைக்கருவிகள் வரை பங்கிடப்பட்டன. பாகிஸ்தானாக அமையவிருந்த பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம் அதிகாரிகள் இந்தியப் படையைத் தேர்ந்தெடுக்க விதி இடம் தரவில்லை. இந்தியப் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம்கள் மட்டும் இரண்டில் ஒன்றை விரும்பித் தேர்ந்தெடுக்கலாம். உஸ்மான் இந்த இரண்டாம் வகையினர்.

பலூச் ரெஜிமெண்ட் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. உடன் பணியாற்றிய முஸ்லிம் அதிகாரிகளுள் பெரும்பாலோர் அங்கே செல்ல முடிவெடுத்தனர். உஸ்மானையும் அழைத்தனர். ஜின்னாவும் லியாகத் அலி கானும் அவருக்கு நேரடியாகத் தூது அனுப்பினர் என்றும், ஒருநாள் பாகிஸ்தான் தரைப்படையின் தலைமைப் பொறுப்பே கிடைக்கும் என்று சொல்லப்பட்டது என்றும் அவருடைய வரலாற்றில் பதிவாகியுள்ளது. அந்த அழைப்புக்கு அவர் இணங்கவில்லை. இந்தியப் படையிலேயே நிலைத்தார். பலூச் ரெஜிமெண்டின் அடையாளங்களைக் களைந்துவிட்டு டோக்ரா ரெஜிமெண்டுக்கு மாற்றப்பட்டார்.

அந்த மாதங்கள் எத்தகையவை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பஞ்சாபில் இரத்த ஆறு ஓடியது. டெல்லியின் முஸ்லிம்கள் புரானா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் அகதிகளாகக் குவிந்திருந்தனர். முஸ்லிம் என்றாலே ஐயத்துடன் நோக்கப்பட்ட காலம். அப்படியொரு பொழுதில், அனுகூலமான வழி எதிரே திறந்திருக்க, பிறந்த மண்ணிலேயே இருப்பேன் என்று அவர் முடிவு செய்தார்.

ஜாங்கர் வீழ்ந்தது

1947 அக்டோபர் 22 அன்று பழங்குடிப் படையினர் காஷ்மீருக்குள் நுழைந்தனர். பாரமுல்லாவில் அவர்கள் நடத்திய கொள்ளைக்கும் கொலைக்கும் முஸ்லிம்களும் தப்பவில்லை. 26ஆம் நாள் மன்னர் ஹரிசிங் இந்தியாவுடன் இணைப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் இந்தியப் படை சிறீநகரில் இறங்கியது.

ஸ்ரீநகர்ப் பள்ளத்தாக்கில் நடந்த போரைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. தெற்கே ஜம்முப் பகுதியில் நடந்த போரும் அதே அளவு கடுமையானதே. நவம்பர் 25 அன்று மீர்ப்பூர் வீழ்ந்தது. அங்கிருந்து தப்பியோர் நவ்ஷேராவை நோக்கி வந்தனர். நவ்ஷேராவுக்கு அப்பால் இருந்தது ஜாங்கர். மீர்ப்பூரிலிருந்தும் கோட்லியிலிருந்தும் வரும் சாலைகள் அங்கேதான் கூடுகின்றன. அந்தச் சந்திப்பைக் கைப்பற்றியவருக்கு நவ்ஷேராவின் வாசல் திறந்துவிடும்.

77ஆவது பாராசூட் பிரிகேடுக்குத் தலைமை தாங்கிய உஸ்மான், அந்த டிசம்பரில் நவ்ஷேராவில் இருந்த 50ஆவது பாராசூட் பிரிகேடின் பொறுப்புக்கு மாற்றப்பட்டார். பிரிகேடு என்பது பொதுவாக மூன்று பட்டாலியன்களைக் கொண்ட அணி. அதன் தலைவரே பிரிகேடியர். பொறுப்பேற்ற சிறிது காலத்திலேயே, டிசம்பர் இறுதியில், பெரும் எண்ணிக்கையில் வந்த எதிரிகளிடம் ஜாங்கர் வீழ்ந்தது.

ஜாங்கரை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று உஸ்மான் சபதம் செய்தார். ஜம்மு மலைகளின் கடுங்குளிரில் அவருடைய படுக்கை அன்றிலிருந்து தரையில் விரித்த விரிப்பாயிற்று.

நவ்ஷேராப் போர்

1948 ஜனவரியில் மேற்குப் பகுதிப் படைகளின் தலைமையை ஏற்ற லெப்டினண்ட் ஜெனரல் கரியப்பா நவ்ஷேராவுக்கு வந்தார். அருகிலிருந்த கோட் என்னும் குன்றுப்பகுதி எதிரியின் வசம் இருந்தது. நவ்ஷேரா பாதுகாப்பாக இருக்க வேண்டுமானால் கோட் மீட்கப்பட வேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். அதைத் தமக்கு ஒரு பரிசாகத் தருமாறு கரியப்பா உஸ்மானிடம் கேட்டார். உஸ்மான் இசைந்தார். பிப்ரவரி 1 அன்று கோட் மீட்கப்பட்டது.

அதற்கு ஐந்து நாள்களுக்குப் பின், பிப்ரவரி 6 அன்று விடியற்காலையில், நவ்ஷேராவைப் பல திசைகளிலிருந்தும் எதிரிகள் தாக்கினர். வந்தவர்கள் 10,000 பேருக்கும் மேல் என்று போர்க்குறிப்புகள் கூறுகின்றன. தைந்தார் முகட்டில் நடந்த சண்டைதான் மிகக் கடுமையானது. அங்கே ஒரு சிறு காவல் அரணை ஒன்பது வீரர்களுடன் காத்து நின்றவர் ராஜபுத் ரெஜிமெண்டின் நாயக் ஜதுநாத் சிங். அலையலையாக வந்த தாக்குதல்களைத் தடுத்து அங்கேயே உயிர்நீத்த அவருக்குப் பின்னர் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. அன்றைய நாளின் முடிவில் நவ்ஷேரா காப்பாற்றப்பட்டிருந்தது.

காஷ்மீர்ப் போரில் இந்தியா பெற்ற முக்கிய வெற்றிகளுள் ஒன்று அது. ‘நவ்ஷேராவின் சிங்கம்’ என்ற பட்டம் அன்று முதல் உஸ்மானோடு ஒட்டிக்கொண்டது. அவருடைய தலைக்கு 50,000 ரூபாய் விலை வைக்கப்பட்டது. அன்றைய மதிப்பில் அது ஒரு பெருஞ்செல்வம்.

அநாதைச் சிறுவர்களின் தந்தை

நவ்ஷேராவில் தாய் தந்தையரை இழந்த சிறுவர்கள் பலர் இருந்தனர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான அந்தச் சிறுவர்களை உஸ்மான் ஒன்றுசேர்த்தார். ‘பாலக் சேனா’ என்று பெயரிட்டு, உணவும் உடையும் கல்வியும் பயிற்சியும் கிடைக்கச் செய்தார். நவ்ஷேராப் போரின்போது அவர்களுள் சிலர் முன்னணி வீரர்களுக்குத் தோட்டாக்களைக் கொண்டுசென்று கொடுத்தனர். மூன்று சிறுவர்களின் துணிவைப் பாராட்டிப் பிரதமர் நேரு தங்கக் கைக்கடிகாரங்கள் பரிசளித்தார்.

சிறுவர்களைப் போர்முனைக்கு அருகில் கொண்டுசென்றது இன்றைய அளவுகோலில் நெருடலாகத் தோன்றலாம். அவ்வூரே போர்முனையாக இருந்தது. ஒதுங்கிச் செல்ல அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உஸ்மான் திருமணம் செய்துகொள்ளவில்லை. மது அருந்தியதில்லை. மது விருந்துகள் வழக்கமாக இருந்த ஆங்கிலேயர் காலத்து அதிகாரிகள் உலகில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறு வாழ்வது எளிய செயலன்று. தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழை மாணவர்களின் கல்விக்கும் ஆதரவற்ற சிறுவர்களுக்கும் செலவிட்டார். அநாதையை ஆதரிப்பவருக்குச் சுவனத்தில் தம்மருகே இடம் உண்டென்று நபி (ஸல்) அவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டி நற்செய்தி கூறியதை நாம் அனைவரும் அறிவோம். அந்த நற்செய்தியைக் கேட்டவர்கள் பலர். போர்க்களத்தின் நடுவிலும் அதன்படி நடந்தவர் உஸ்மான்.

சபதம் நிறைவேறியது

மார்ச் இரண்டாம் வாரத்தில் ஜாங்கரை மீட்கும் நடவடிக்கை தொடங்கியது. ‘விஜய்’ என்பது அதற்கு இடப்பட்ட பெயர். 50ஆவது பாராசூட் பிரிகேடும் 19ஆவது காலாட்படை பிரிகேடும் இரு வழிகளில் முன்னேறின. மழை குறுக்கிட்டது. மலைச்சரிவுகளில் கண்ணிவெடிகளும் சாலைத் தடைகளும் இருந்தன. ஒவ்வொரு முகடாகக் கைப்பற்றிச் சென்ற படை 1948 மார்ச் 18 அன்று ஜாங்கரில் நுழைந்தது.

அன்று இரவு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கயிற்றுக் கட்டில் கொண்டுவரப்பட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் பிரிகேடியர் கட்டிலில் உறங்கினார்.

ஜாங்கரை இழந்தபோதே புதிய அணியின் பொறுப்பில் இருந்தவர் அவர். பழியைப் பிறர்மீது சுமத்தி ஒதுங்கியிருக்கலாம். அந்த இழப்பைத் தம் பொறுப்பாகவே ஏற்று, மீட்கும் கடமையைத் தம் உடலின் மீதே எழுதிவைத்துக்கொண்டார்.

1948 ஜூலை 3

மே மாதத்தில் பாகிஸ்தானின் முறையான படையே களத்தில் இறங்கியது. ஜாங்கரை மீண்டும் கைப்பற்ற அது முயன்றது. பீரங்கிக் குண்டுகள் ஓயாமல் விழுந்தன.

ஜூலை 3 மாலை. ஷஅபான் மாதத்தின் இறுதி நாள்கள்; ரமளான் பிறக்க ஒரு வாரம்கூட இல்லை. சுமார் 5.45 மணிக்கு பிரிகேடின் தலைமையிடத்தின் மீது பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. தம் தரப்பின் பதில் தாக்குதலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்த உஸ்மானின் அருகிலேயே ஒரு குண்டு வந்து விழுந்தது. அவ்விடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருடைய உடல் டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டது. அரசு மரியாதையுடன் நடந்த இறுதி நிகழ்வில் பிரதமர் நேருவும் அமைச்சர்களும் கலந்துகொண்டனர். ஜாமிஆ வளாகத்தையொட்டிய மண்ணில் நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் வீழ்ந்த ஜாங்கரில் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அவருடைய இறப்புக்குப் பின்னும் ஜாங்கர் எதிரியின் கைக்குப் போகவில்லை. இன்றும் அது இந்தியப் பகுதியிலேயே இருக்கிறது.

எதிரே நின்றவர்களும் முஸ்லிம்கள் அல்லவா?

இவ்வரலாற்றைச் சொல்லும்போது பிள்ளைகள் கேட்கக்கூடிய கேள்வி இது. பெரியவர்களும் மனத்துக்குள் கேட்டுக்கொள்கின்றனர். இதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது.

இஸ்லாம் சகோதரத்துவத்தை வலியுறுத்தும் அதே அழுத்தத்துடன் உடன்படிக்கையையும் வலியுறுத்துகிறது. மார்க்கச் சகோதரர்கள் உதவி கேட்டால்கூட, நாம் உடன்படிக்கை செய்துகொண்ட சமுதாயத்துக்கு எதிராக அந்த உதவி அமையக் கூடாது என்ற வரம்பை அல்அன்ஃபால் அத்தியாயம் விதிக்கிறது. ஹுதைபிய்யா உடன்படிக்கை எழுதப்பட்ட வேளையில், விலங்குடன் தப்பி வந்த அபூஜன்தல் (ரலி) அவர்களைக் கண்ணீருக்கிடையே திருப்பி அனுப்ப நேர்ந்ததும் கொடுத்த வாக்கின் பொருட்டே.

இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையும் மதீனாவுக்கு வரும் வழியில் குறைஷியர் மறித்தனர். முஹம்மதுடன் சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்குறுதி பெற்ற பிறகே விட்டனர். இருவரும் நபியவர்களிடம் வந்து இதைக் கூறினர். பத்ருப் போர் எதிர்நோக்கியிருந்த நேரம் அது. முஸ்லிம்களின் எண்ணிக்கையோ முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொரு கையும் தேவைப்பட்டது. ஆயினும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அதனால்தான் ஹுதைஃபா (ரலி) அவர்கள் பத்ரில் கலந்துகொள்ளவில்லை. எதிரிக்கு அளித்த வாக்குக்கே இத்தனை மதிப்பு என்றால், பிறந்து வளர்ந்து வாழும் நாட்டுக்கு மனமுவந்து அளித்த வாக்கின் மதிப்பு என்ன?

உஸ்மான் தம் செயலுக்கு இந்த ஆதாரங்களை எடுத்துக்கூறினார் என்று நாம் சொல்லவில்லை. அவர் மார்க்க அறிஞரல்லர்; படைவீரர். எனினும் அவர் நடந்த வழி இந்த ஒழுக்கத்துக்கு இசைவானது. இரண்டு வழிகளும் திறந்திருந்தபோது ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுத்த பின் அதன் விலையை முழுமையாகக் கொடுத்தார்.

சான்றிதழ் அன்று, அமானிதம்

நம் விசுவாசத்தின்மீது யாரேனும் ஐயம் எழுப்பும்போது, உடனே உஸ்மானின் பெயரை எடுத்து நீட்டும் வழக்கம் நம்மிடையே உருவாகிவிட்டது. அந்த வருத்தம் நியாயமானதே. ஆனால் அவருடைய வாழ்க்கையை ஒரு சான்றிதழாகச் சுருக்கிவிட்டால், அதில் நமக்குரிய பாடத்தை இழந்துவிடுவோம். கட்டிலைத் துறந்து தரையில் படுத்தவர் யாருக்கும் எதையும் நிரூபிக்க அவ்வாறு செய்யவில்லை. ஒரு பொறுப்பு தம்மிடம் ஒப்படைக்கப்பட்டது, அது கைநழுவியது, அதை மீட்கும்வரை அவருக்கு உறக்கம் இனிக்கவில்லை. அமானிதம் என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் சொல்லின் பொருள் இதுவே.

கடையில் வாக்களித்த நாளில் சரக்கைக் கொடுப்பதும், வாங்கிய கடனைத் தவணை தவறாமல் செலுத்துவதும், அலுவலகத்தில் ஒப்படைத்த வேலையைக் கண்காணிப்பவர் இல்லாதபோதும் முடிப்பதும், பள்ளிவாசல் நிதியின் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் காட்டுவதும் அதே சொல்லின் சிறு வடிவங்கள். வாக்கு மீறுவதையும் அமானிதத்துக்குத் துரோகம் செய்வதையும் நயவஞ்சகத்தின் அடையாளங்களாக நபி (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியிருக்கிறார்கள். உஸ்மானுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவருடைய படத்தைப் பகிர்வதோடு நின்றுவிடக் கூடாது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 3 வருகிறது. அன்றைய இரவுச் சாப்பாட்டின்போது ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, ஜாங்கரையும் அந்தக் கயிற்றுக் கட்டிலையும் பற்றி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். டெல்லிக்குச் செல்லும் வாய்ப்புக் கிட்டினால் ஓக்லாவுக்குச் சென்று அந்தக் கப்ரின் முன் நின்று ஸலாம் கூறித் துஆச் செய்யுங்கள்.

வல்ல அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக! கொடுத்த வாக்கைக் காக்கும் உறுதியை நமக்கும் நம் சந்ததியினருக்கும் அருள்வானாக! ஆமீன்.